மோட்டார் சைக்கிளின் எரிபொருள் அமைப்பும் சைலன்சரும்: மேம்படுத்த விரும்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இங்கே சொல்லப்படுபவை நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் இன்ஜின் பொருத்திய மோட்டார் சைக்கிள்களுக்கு உரியவை. கார்புரேட்டர் வண்டிக்கும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிக்கும் அடிப்படை ஒன்றே என்றாலும் கைவேலை முற்றிலும் வேறு என்பதால், தேவையான இடங்களில் இரண்டையும் தனித்தனியே எடுத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினுக்குக் கணக்கே வேறு. இந்தப் பதில்கள் அதற்குப் பொருந்தா.

சைலன்சரை மட்டும் மாற்றினால் வண்டியின் சக்தி கூடுமா?

பெரும்பாலும் கூடாது, கூடினாலும் ஓட்டுபவர் உணரும் அளவுக்கு இருக்காது. சத்தம் மாறுவதால் வண்டி வேகமாக ஓடுவது போன்ற எண்ணம் உண்டாகும். எடை குறைவது மட்டும் உறுதியான பலன். தொழிற்சாலையிலிருந்து வரும் சைலன்சர், உள்ளே பல அறைகளும் தடுப்புத் தகடுகளும் கொண்டிருப்பதால் கனமாக இருக்கும். அதற்குப் பதிலாக இலகுவான ஒன்றைப் பொருத்தினால் சில கிலோ குறையும். அது வண்டியைத் திருப்பும்போதும் தூக்கும்போதும் தெரியும். ஆனால் குதிரைத்திறன் என்பது வேறு விஷயம். காற்று உள்ளே வரும் வழி, வெளியேறும் வழி, அந்தக் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை. ஒன்றை மட்டும் தளர்த்திவிட்டு மற்ற இரண்டையும் பழையபடி விட்டால், கிடைக்கக்கூடிய பலனும் கிடைக்காமல் போகும். சில வேளைகளில் வண்டி முன்பைவிட மோசமாகவும் ஓடும்.

அப்படியானால் கூடுதல் சக்தி உண்மையில் எங்கிருந்து வருகிறது?

காற்றிலிருந்து வருகிறது. பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம். அதை எரிக்கத் தேவையான காற்றைச் சிலிண்டருக்குள் சேர்ப்பதுதான் கடினம். ஒரு கணக்கைப் பாருங்கள். 200 சிசி கொண்ட ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 9000 சுற்றில் ஓடும்போது, இரண்டு சுற்றுக்கு ஒரு முறை காற்றை இழுப்பதால், நொடிக்கு 75 முறை இழுக்கிறது. ஒவ்வொரு முறையும் சிலிண்டர் முழுமையாக நிரம்புவதாக வைத்துக்கொண்டால், நொடிக்கு 15 லிட்டர் காற்று, அதாவது சுமார் 18 கிராம் காற்று உள்ளே போக வேண்டும். அதற்கு ஏற்ற பெட்ரோல் நொடிக்கு ஏறத்தாழ 1.4 கிராம் மட்டுமே. அளவில் சொன்னால் 2 மில்லிக்கும் குறைவு. நடைமுறையில் சிலிண்டர் எல்லா வேகத்திலும் முழுமையாக நிரம்புவதில்லை. அது எவ்வளவு நன்றாக நிரம்புகிறது என்பதைச் சற்றே உயர்த்துவதும், அந்த உயர்வுக்கு ஏற்பப் பெட்ரோலைத் திருத்துவதும்தான் இந்த வேலை முழுவதும்.

கலவை விகிதம் எவ்வளவு இருக்க வேண்டும்?

தூய பெட்ரோல் முழுமையாக எரிய, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று எடைக் கணக்கில் தேவை. ட்யூனிங் செய்பவர்கள் இதை லாம்டா 1 என்பார்கள். ஆனால் அதிகபட்சச் சக்தி இந்த விகிதத்தில் கிடைப்பதில்லை. சற்று ரிச்சாக (பெட்ரோல் கூடுதலாக), சுமார் 12.5 முதல் 13.2 வரையிலான விகிதத்தில்தான் கிடைக்கிறது. லாம்டா கணக்கில் அது 0.85 முதல் 0.90 வரை. சீரான வேகத்தில் நிதானமாகப் போகும்போது லாம்டா 1-ஐ ஒட்டியே இருக்கலாம். முழு ஆக்ஸிலரேட்டரில் ரிச்சாக வேண்டும். எனவே "சரியான கலவை" என்று ஒரே எண் கிடையாது. ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது, இன்ஜின் எத்தனை சுற்றில் ஓடுகிறது என்பவற்றைப் பொறுத்து அது மாறிக்கொண்டே இருக்கும்.

எத்தனால் கலந்த பெட்ரோலில் இந்த எண்கள் நகரும். 10 சதவீத எத்தனால் கலந்ததற்கு முழு எரிதல் விகிதம் ஏறத்தாழ 14.1, 20 சதவீதத்துக்கு ஏறத்தாழ 13.5. ஆகவே தூய பெட்ரோலுக்கு ஏற்ப ஜெட் (பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் துளையுள்ள சிறு பாகம்) அமைத்த பழைய கார்புரேட்டர் வண்டியில் எத்தனால் கலந்ததை ஊற்றினால், எதையும் மாற்றாமலேயே கலவை லீன் (பெட்ரோல் குறைவு) ஆகிவிடும். இதனால்தான் விகித எண்ணைவிட லாம்டாவை வைத்து ட்யூன் செய்வது நல்லது என்கிறேன். எந்த எரிபொருளாக இருந்தாலும் லாம்டா 1 என்பதன் பொருள் மாறாது.

எந்த வேலையை முதலில் தொடங்க வேண்டும்?

பணம் கொடுத்து எதையும் வாங்கும் முன், வண்டி இப்போது முழு ஆரோக்கியத்துடன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வால்வு இடைவெளி, பிளக், ஏர் ஃபில்டர், கம்ப்ரஷன், செயின் இறுக்கம், டயர் காற்று, பிரேக் பிடித்து உரசுகிறதா என்பவற்றைச் சரிபார்க்க அரை நாள் போதும். கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயில் விரிசல் இருந்தால் அதன் வழியாகக் காற்று கசிந்து கலவை லீன் ஆகும். அந்த நிலையில் ஜெட்டை மாற்றிக்கொண்டே போனால் முடிவே வராது. இழந்த சக்தியை மீட்பது, புதிய சக்தியைத் தேடுவதைவிட எப்போதும் மலிவு. பராமரிப்பில்லாத வண்டியில் இந்தச் சரிபார்ப்பு மட்டுமே பலருக்கும் தேவைப்பட்ட "பிக்கப்பை" தந்துவிடும்.

"இன்ஜினுக்குக் கொஞ்சம் பின்னழுத்தம் வேண்டும், இல்லாவிட்டால் கீழ் வேகத்தில் இழுவை போய்விடும்" என்கிறார்களே, உண்மையா?

பட்டறைகளில் மிக அதிகமாகக் காதில் விழும் கருத்து இதுதான். அதில் சொல்லப்படும் விளைவு உண்மை; காரணம் தவறு. பின்னழுத்தம், அதாவது வெளியேறும் வாயுவுக்குக் குழாய் தரும் எதிர்ப்பு, எந்த நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினுக்கும் நன்மை செய்வதில்லை. எரிந்த வாயுவை வெளியே தள்ள பிஸ்டன் செலவழிக்கும் உழைப்பை அது கூட்டுகிறது. அப்படியானால் பெரிய குழாயைப் பொருத்தியதும் ஏன் கீழ் வேக இழுவை குறைகிறது? குழாய் அகலமானதும் வாயுவின் வேகம் குறைகிறது. வேகம் குறைந்ததும் அது தன் பின்னால் உண்டாக்கும் உறிஞ்சல் குறைகிறது. அதோடு கலவையும் மாறிவிடுகிறது. இவை இரண்டும் சேர்ந்த பலனைத்தான் "பின்னழுத்தம் போய்விட்டது" என்று சொல்கிறோம்.

எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் கணத்தில் ஓர் அழுத்த அலை பெண்ட் பைப்பில் (இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் வளைந்த குழாயில்) பாய்கிறது. குழாய் விரிவடையும் இடத்தை, அல்லது பல சிலிண்டர் வண்டியில் குழாய்கள் ஒன்று சேரும் இடத்தை அடைந்ததும், அந்த அலை எதிர்மறை அலையாக, அதாவது உறிஞ்சும் அலையாகத் திரும்புகிறது. பிஸ்டன் மேலே இருக்கும்போது இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் சிறிது நேரம் ஒருசேரத் திறந்திருக்கும். உறிஞ்சும் அலை சரியாக அந்த நேரத்தில் வந்து சேர்ந்தால், மிச்சமிருக்கும் எரிந்த வாயுவை இழுத்துவிட்டு, புதிய கலவையையும் உள்ளே வரச்செய்யும். தவறான நேரத்தில் நேர்மறை அலை வந்தால், எரிந்த வாயுவையே சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளும்.

சூடான வாயுவில் இந்த அலை நொடிக்குச் சுமார் 500 மீட்டர் வேகத்தில் போகிறது. எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததிலிருந்து வால்வுகள் இரண்டும் திறந்திருக்கும் நேரம் வரை கிராங்க் ஏறத்தாழ 240 பாகை சுழல்கிறது என்று கொள்வோம். 9000 சுற்றில் அதற்கு ஆகும் நேரம் சுமார் 4.4 மில்லி நொடி. அந்த நேரத்தில் அலை போய்த் திரும்ப வேண்டுமானால் குழாய் 1.1 மீட்டர் அளவில் இருக்க வேண்டும். 6000 சுற்றில் அதே கணக்கு ஏறத்தாழ 1.7 மீட்டரைக் கேட்கும். இது தோராயக் கணக்குதான். ஆனாலும் ஒரே குழாய் எல்லா வேகத்துக்கும் பொருந்தாது என்பதை இது தெளிவாகக் காட்டுகிறது. உயர் சுற்றுக்கென்று செய்த குழாயை நகருக்குள் ஓடும் வண்டியில் மாட்டினால், அன்றாடம் பயன்படும் வேகத்தில் இழுவை குறைவது இதனால்தான். 1980-களின் பிற்பகுதியில் யமஹா தன் ஸ்போர்ட்ஸ் வண்டிகளில் எக்ஸப் என்ற பெயரில் எக்ஸாஸ்ட் குழாய்க்குள் ஒரு வால்வை வைத்து, சுற்றுக்கு ஏற்ப அதைத் திறந்து மூடியது இந்தச் சிக்கலைச் சமாளிக்கத்தான். உங்கள் வண்டியில் அப்படி ஒரு வால்வு இருந்தால், அதைக் கழற்றி எறிவதற்கு முன் இருமுறை யோசியுங்கள்.

சைலன்சர் மட்டும் மாற்றும் ஸ்லிப்-ஆன், முழு எக்ஸாஸ்ட் இரண்டில் எது நல்லது?

எடையும் ஒலியும் போதும் என்றால் ஸ்லிப்-ஆன் போதும். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் பெண்ட் பைப்பிலேயே இருக்கும் வண்டிகளில், ஸ்லிப்-ஆன் வாயு ஓட்டத்தை அதிகம் மாற்றாது. வெளியேறும் வாயுவிலிருந்து கலவையை அறியும் ஆக்சிஜன் சென்சார் உள்ள இன்ஜெக்‌ஷன் வண்டியாக இருந்தால் பெரும்பாலும் மறு ட்யூனிங்கும் தேவைப்படாது. முழு எக்ஸாஸ்ட் என்றால் குழாயின் விட்டம், நீளம், சேரும் இடம் எல்லாமே மாறுகின்றன. ட்யூனிங் செய்யாமல் அதைப் பொருத்துவது அரைகுறை வேலை. இன்ஜினின் உள்பாகங்களைத் தொடாமல் முழு எக்ஸாஸ்ட், ஏர் ஃபில்டர், ட்யூனிங் மூன்றையும் ஒழுங்காகச் செய்தாலும், உச்சச் சக்தியில் கிடைக்கும் உயர்வு பெரும்பாலும் ஒற்றை இலக்கச் சதவீதத்துக்குள்தான் இருக்கும். விளம்பரத்தில் 20, 25 சதவீதம் என்று கண்டால் நம்ப வேண்டாம். நடு வேகத்தில் இருந்த தொய்வு நீங்கி, ஆக்ஸிலரேட்டரைத் திருகியதும் தயங்காமல் வண்டி கிளம்புவதுதான் இதில் கிடைக்கும் பெரிய லாபம். உச்ச எண்ணைவிட அதையே நான் மதிக்கிறேன்.

கேட்டலிடிக் கன்வர்ட்டரை எடுத்துவிடலாமா?

வேண்டாம் என்பதே என் பதில். கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிய மூன்றையும் அது பெருமளவு குறைக்கிறது. உங்கள் பின்னால் வருபவர் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறார். பல நாடுகளில் பொதுச் சாலையில் ஓடும் வண்டியிலிருந்து அதை அகற்றுவது சட்டத்துக்குப் புறம்பானது. அது அடைத்துக்கொண்டிருந்தால் மாற்றுங்கள். பந்தயத் தளத்தில் மட்டும் ஓடும் வண்டிக்கு விதிகள் வேறு. சாலை வண்டிக்கு, கன்வர்ட்டருடனேயே வரும் முழு எக்ஸாஸ்ட்களும் செய்யப்படுகின்றன, தேடி வாங்குங்கள்.

சைலன்சரின் வாயில் உள்ள ஒலித்தடுப்பானைக் கழற்றினால் என்ன ஆகும்?

சத்தம் கூடும், சக்தி கூடுவது அரிது. சில வடிவமைப்புகளில் நடு வேக இழுவை குறையவும் செய்யும். காலையில் தூங்கும் குழந்தையும் நோயாளியும் இருக்கும் தெருவில் அந்தச் சத்தத்தைச் சுமத்த யாருக்கும் உரிமை இல்லை என்பதை இங்கே அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

அதிகக் காற்று விடும் ஏர் ஃபில்டரும் சேர்த்துப் போட வேண்டுமா?

பழைய ஃபில்டர் அழுக்கடைந்திருந்தால், அதே வகையில் புதியதைப் போடுவதே பாதி லாபத்தைத் தந்துவிடும். எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர் கழுவிப் பயன்படுத்தக்கூடியது. ஆனால் எண்ணெய் குறைந்தால் தூசி உள்ளே போகும். அதிகமானால், காற்றளவை நேரடியாக அளக்கும் சென்சார் உள்ள வண்டிகளில் அதன் மேல் படிந்து கோளாறு தரும். தூசி நிறைந்த பாதையில் ஓடுபவருக்குத் தயாரிப்பாளர் கொடுத்த காகித ஃபில்டரே பாதுகாப்பானது.

ஏர் ஃபில்டர் அமர்ந்திருக்கும் ஏர்பாக்ஸை முழுவதும் கழற்றிவிட்டு, கார்புரேட்டரின் வாயில் நேராகக் கூம்பு ஃபில்டரை மாட்டுவது வேறு கதை. ஏர்பாக்ஸ் வெறும் டப்பா அல்ல. அதன் கொள்ளளவும் அதன் வாய்க்குழலின் நீளமும் காற்றின் துடிப்பைச் சீராக்குவதற்காகக் கணக்கிட்டு அமைக்கப்பட்டவை. வெற்றிட அழுத்தத்தால் பிஸ்டன் மேலெழும் சிவி வகைக் கார்புரேட்டரில் இந்த மாற்றத்தைச் செய்தால், நடு வேகத்தில் கலவையைச் சரிசெய்வது பெரும்பாடாகிவிடும். மழைநீரும் இன்ஜினின் வெப்பக்காற்றும் நேரடியாக உள்ளே போகும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். சூடான காற்றில் ஆக்சிஜன் குறைவு. அது சக்தி இழப்பு.

கார்புரேட்டர் வண்டியில் ஜெட்டை எந்த வரிசையில் மாற்ற வேண்டும்?

ஆக்ஸிலரேட்டரின் திறப்பில் எந்தப் பகுதியை எந்தப் பாகம் ஆளுகிறது என்பதை மனத்தில் நிறுத்திக்கொண்டால், இந்த வேலை அச்சுறுத்தாது. ஐடிலிங்கிலும் முதல் கால் பங்கிலும் பைலட் ஜெட்டும் கலவைத் திருகாணியும். கால் பங்கிலிருந்து முக்கால் வரை ஊசியும் அது நுழையும் குழலும். முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். எல்லைகள் ஒன்றோடொன்று சற்றுக் கலந்திருக்கும்.

ஆக்ஸிலரேட்டர் பிடியிலும் அதன் நிலையான பகுதியிலும் ஒட்டுத்தாளை ஒட்டி, கால், அரை, முக்கால், முழுமை என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் "முழுதாகத் திருகுகிறேன்" என்று நினைக்கும்போது பாதியில்தான் இருப்பார்கள் என்பதை அந்தக் கோடு காட்டிவிடும். பிறகு மெயின் ஜெட்டிலிருந்து தொடங்க வேண்டும். மூடிய தளத்திலோ டைனோவிலோ (சக்கரத்தை உருளையின் மேல் ஓட்டிச் சக்தியை அளக்கும் இயந்திரம்) முழு ஆக்ஸிலரேட்டரில் வண்டி தயக்கமின்றி உச்சச் சுற்றுக்கு ஏறும் ஜெட்டைக் கண்டுபிடித்த பின் ஊசி, அதன்பின் பைலட். மெயின் ஜெட்டிலிருந்து வரும் பெட்ரோல் ஊசியின் பகுதியையும் ஓரளவு பாதிப்பதால், கீழிருந்து தொடங்கினால் செய்த வேலையையே திரும்பச் செய்ய நேரும்.

ஜெட்டின் எண்ணை மாற்றும்போது நிதானம் தேவை. துளையின் விட்டத்தை எண்ணாகக் குறிக்கும் ஜெட்களில், 100-லிருந்து 105-க்குப் போவது 5 சதவீத மாற்றம் போலத் தோன்றும். ஆனால் துளையின் பரப்பு விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், பரப்பு 10 சதவீதத்துக்கும் சற்று அதிகமாகக் கூடுகிறது. ஒவ்வொரு படியாகவே ஏறுங்கள். ஒரு நிறுவனத்தின் எண்ணும் இன்னொரு நிறுவனத்தின் எண்ணும் ஒரே அளவைக் குறிக்க வேண்டியதில்லை. பழைய ஜெட்டைக் கம்பியாலோ துளைக்கருவியாலோ பெரிதாக்கும் வழக்கத்தை அறவே விட்டுவிடுங்கள். துளையின் அளவு மட்டுமல்ல, அதன் விளிம்பின் வடிவமும் கெட்டுவிடும், பிறகு எந்த எண்ணுக்கும் பொருள் இராது.

ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி உயர்ந்து கலவை ரிச் ஆகும். மேலே ஏற்றினால் லீன் ஆகும். கலவைத் திருகாணியில்தான் குழப்பம் அதிகம். அது ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்றைக் கட்டுப்படுத்துவது, உள்ளே திருகினால் ரிச். இன்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது, வெளியே திருகினால்தான் ரிச். தொடுவதற்கு முன், அது முழுவதும் மூட எத்தனை சுற்று ஆகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். இறுக்கி மூடாதீர்கள், கூர்முனை அமுங்கிவிடும். இவை அனைத்துக்கும் முன்பாக, கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் அளவைக் காக்கும் மிதவையின் மட்டம் சரியாக இருக்க வேண்டும். அது தவறினால் எல்லாமே தவறும்.

கலவை லீனா, ரிச்சா என்பதை ஓட்டிப் பார்த்து அறிய முடியுமா?

ஓரளவு முடியும். லீன் என்றால் சீரான வேகத்தில் வண்டி முன்னும் பின்னும் அலைவது போல ஓடும், திருகியதும் ஒரு கணம் தயங்கும், ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் சுற்று இறங்க நேரமாகும், இன்ஜின் வழக்கத்தைவிடச் சூடாகும். ரிச் என்றால் மந்தமாக இழுக்கும், புகை கறுப்பாக இருக்கும், பிளக் கரி படியும், குளிர்ந்த நிலையில் நன்றாக ஓடிவிட்டுச் சூடானதும் தடுமாறும். ஓர் எளிய சோதனை உண்டு: தடுமாறும் வேகத்தில் சோக்கைச் சற்றே இழுத்துப் பாருங்கள். நிலைமை சீரானால் லீன், மோசமானால் ரிச். நீண்ட நேரம் லீனாக ஓட்டுவது பிஸ்டனையும் எக்ஸாஸ்ட் வால்வையும் சேதப்படுத்தக்கூடும் என்பதால், சந்தேகம் வந்தால் ரிச் பக்கமே சாயுங்கள்.

பிளக்கின் நிறத்தைப் பார்த்தால் போதாதா?

வெளுத்திருந்தால் லீன் அல்லது அதிக வெப்பம், இளம் பழுப்பு என்றால் சரி, கரி படிந்திருந்தால் ரிச் என்ற விதி இன்றும் முதல் அறிகுறியாகப் பயன்படும். ஆனால் ஈயமற்ற பெட்ரோலில் நிறம் பழையபடி தெளிவாக வருவதில்லை. அதோடு, முழு ஆக்ஸிலரேட்டரில் ஓட்டிவிட்டு வீடு வரை மெதுவாக வந்து பிளக்கைக் கழற்றினால், நீங்கள் பார்ப்பது மெதுவாக வந்த பகுதியின் நிறத்தை. சோதிக்க வேண்டிய திறப்பில் ஓட்டி, அங்கேயே கிளட்சைப் பிடித்து இன்ஜினை நிறுத்திக் கழற்ற வேண்டும். அதையும் போக்குவரத்து இல்லாத தளத்தில் மட்டுமே செய்ய வேண்டும். கலவை எவ்வளவு ரிச், எவ்வளவு லீன் என்று காட்டும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் பொருத்தி அளப்பதே நம்பத்தகுந்த வழி.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் கம்ப்யூட்டர் தானாகவே சரிசெய்துகொள்ளாதா?

ஒரு பகுதியில் மட்டும் சரிசெய்துகொள்ளும். பெரும்பாலான வண்டிகளில் இருப்பது நேரோபேண்ட் சென்சார். அது லாம்டா 1-க்கு ரிச் பக்கமா, லீன் பக்கமா என்று மட்டும் சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. அதன் மின்னழுத்தம் சுமார் 0.45 வோல்ட்டைச் சுற்றித் தாவிக்கொண்டிருக்கும். இசியு எனப்படும் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர், ஐடிலிங்கிலும் சீரான வேகத்திலும் இந்தச் சென்சாரைக் கேட்டு, ஓர் எல்லைக்குள் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். ஆக்ஸிலரேட்டரை நன்றாகத் திருகியதும் சென்சாரைக் கேட்பதை நிறுத்திவிட்டு, தொழிற்சாலையில் எழுதிய அட்டவணையைப் பின்பற்றும். புதிய எக்ஸாஸ்டால் காற்றோட்டம் அதிகம் மாறுவது அந்த இடத்தில்தான் என்பதால், திருத்தம் மிகவும் தேவைப்படும் இடத்தில் தானியங்கித் திருத்தம் கிடைப்பதில்லை.

எல்லா இசியுக்களும் காற்றை ஒரே முறையில் கணிப்பதுமில்லை. சில, ஆக்ஸிலரேட்டரின் திறப்பையும் சுற்றையும் வைத்துக் கணிக்கின்றன; அவற்றுக்குக் காற்று கூடியதே தெரியாது. வேறு சில, இன்டேக் குழாயின் அழுத்தத்தை அளக்கின்றன. அவை மாற்றத்தைச் சிறிது உணரும். பல வண்டிகள் குறைந்த திறப்பில் ஒன்றையும் அதிகத் திறப்பில் மற்றொன்றையும் பயன்படுத்துகின்றன.

பிக்கிபேக் கருவியா, இசியுவையே மாற்றி எழுதுவதா?

பிக்கிபேக் என்பது இசியுவுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவே அமர்ந்து, இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டியோ குறைத்தோ அனுப்பும் கருவி. டைனோஜெட் நிறுவனத்தின் பவர் கமாண்டர் இவ்வகையில் பலரும் அறிந்தது. கழற்றினால் வண்டி பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்பது அதன் பெரிய நன்மை. இசியுவை மாற்றி எழுதும்போது பெட்ரோலோடு இக்னிஷன் டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்), மின்விசிறி ஓடத் தொடங்கும் வெப்பநிலை, சில வண்டிகளில் ஆக்ஸிலரேட்டரின் உணர்திறன் வரை திருத்தலாம். திறமையான ட்யூனர் கிடைத்தால் இரண்டாவது வழியே முழுமையானது. கிடைக்காவிட்டால் பிக்கிபேக்கே பாதுகாப்பானது. எதைத் தேர்ந்தாலும், ஆக்சிஜன் சென்சார் செயல்படும் பகுதியை ட்யூனர் எப்படிக் கையாளப்போகிறார் என்று கேளுங்கள். அந்தப் பகுதியில் நீங்கள் கூட்டும் பெட்ரோலை இசியு ஒருபுறம் குறைத்துக்கொண்டே இருந்தால் பயனில்லை.

சுற்றின் உச்ச வரம்பை உயர்த்தித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் மறுத்துவிடுங்கள். வால்வு ஸ்பிரிங்கும் கனெக்டிங் ராடும் அந்த வரம்புக்காகவே செய்யப்பட்டவை.

இன்ஜெக்டரின் அளவையும் ஒரு முறை பார்க்க வேண்டும். 9000 சுற்றில் ஒரு முழுச் சுழற்சிக்குக் கிடைக்கும் நேரம் 13.3 மில்லி நொடி. இன்ஜெக்டர் அதில் 80, 85 சதவீதத்துக்கு மேல் திறந்தே இருக்க வேண்டிய நிலை வந்தால், அதன் திறன் முடிந்துவிட்டது என்று பொருள். எக்ஸாஸ்ட், ஃபில்டர் அளவிலான மாற்றத்துக்குப் பெரும்பாலும் பழைய இன்ஜெக்டரே தாங்கும்.

சென்சார் ஒயரில் இணைக்கும் சிறு மலிவுக் கருவிகள் பயன் தருமா?

அவற்றில் பல, காற்று குளிர்ந்திருப்பதாக இசியுவை நம்பவைக்கும் ஒரு மின்தடை மட்டுமே. எல்லா வேகத்திலும் ஒரே அளவு பெட்ரோலைக் கூட்டும். தேவையான இடமும் தேவையற்ற இடமும் அதற்குத் தெரியாது. வாங்காதீர்கள்.

டைனோ சோதனை கட்டாயமா?

ட்யூனிங்குக்கு அது மிகச் சிறந்த கருவி. ஆனால் அதன் எண்ணைப் பார்க்கும் விதம் முக்கியம். டைனோ அளப்பது பின்சக்கரச் சக்தியை. கிராங்கில் இருக்கும் சக்தியிலிருந்து கியரிலும் செயினிலும் ஒரு பகுதி குறைந்தே அங்கு வந்து சேரும். எனவே விற்பனைக் கையேட்டு எண்ணோடு அதை ஒப்பிட வேண்டாம். ஓர் இயந்திரத்தின் எண்ணை வேறோர் இயந்திரத்தின் எண்ணோடும் ஒப்பிட வேண்டாம். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அதே டைனோவில், அதே கியரில், அதே டயர் அழுத்தத்தில், இன்ஜினின் வெப்பநிலை ஒத்திருக்கும்போது ஓட்டி எடுத்த இரண்டு கோடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். உச்சப் புள்ளியைப் பார்க்கும் முன், நீங்கள் அன்றாடம் ஓட்டும் சுற்றெல்லையில் முறுக்கு விசைக் கோடு ஏறியிருக்கிறதா, குழி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே குழி விழுந்து உச்சியில் மட்டும் ஏறியிருந்தால், அது சாலைக்கு ஏற்ற மேம்பாடு அல்ல.

புதிய எக்ஸாஸ்ட் போட்டதும் ஆக்ஸிலரேட்டரை விடும்போது பட்பட் என்று வெடிக்கிறது. ஏன்?

முதலில் இணைப்புகளைச் சந்தேகியுங்கள். சிலிண்டர் ஹெட்டும் பெண்ட் பைப்பும் சேரும் இடத்தில் சிறு கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, எரியாத பெட்ரோல் குழாய்க்குள் பற்றிக்கொள்ளும். கசிவில்லை என்றால் பைலட் பகுதி லீனாக இருக்கலாம். புகைக்கட்டுப்பாட்டுக்காக எக்ஸாஸ்ட்டில் புதுக்காற்றைச் செலுத்தும் அமைப்பு பல வண்டிகளில் உண்டு. அதுவும் இந்த வெடிப்பைத் தரும். எப்போதாவது மெலிதாகக் கேட்டால் கவலை வேண்டாம்.

அதிக ஆக்டேன் பெட்ரோல் போட்டால் சக்தி கூடுமா?

இல்லை. ஆக்டேன் என்பது தானாக வெடித்துத் தட்டுவதை எதிர்க்கும் திறன். கம்ப்ரஷனை உயர்த்தினாலோ இக்னிஷனை முன்னதாக அமைத்தாலோதான் அது தேவை.

மலைப்பகுதியில் வண்டி இழுக்காமல் போவது ட்யூனிங் பிழையா?

உயரம் கூடக்கூடக் காற்று மெலிகிறது. ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 3 சதவீதச் சக்தி குறையும் என்று கொள்ளலாம். கார்புரேட்டர் வண்டியில் கலவையும் கூடவே ரிச் ஆகும். அதிக உயரத்திலேயே தொடர்ந்து ஓட்டுவதானால் சிறிய மெயின் ஜெட் வேண்டும், கீழே இறங்கியதும் மறக்காமல் பழையதைப் போட வேண்டும். இன்ஜெக்‌ஷன் வண்டி காற்றழுத்தத்தை அளந்து கலவையைத் திருத்திக்கொள்ளும். குறைந்த சக்தியை அதாலும் திருப்பித் தர முடியாது.

மைலேஜ் குறையுமா?

சரியாக ட்யூன் செய்து, முன்பு போலவே ஓட்டினால் பெரிய மாற்றம் இராது. முன்பு போல ஓட்டுவதுதான் கடினம். மைலேஜ் வெகுவாகக் குறைந்திருந்தால் சீரான வேகப் பகுதியில் கலவை ரிச்சாக இருக்கிறது. அதைத் திருத்த வேண்டும்.

எக்ஸாஸ்டை நானே பொருத்தலாமா?

பொருத்தலாம். சிலிண்டர் ஹெட்டில் உள்ள போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகியிருக்கும். அவை முறிந்தால் செலவு எக்ஸாஸ்டின் விலையை எட்டிவிடும். முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் தெளித்து ஊறவிடுங்கள். மறுநாள் நட் நகர மறுத்தால், வலுக்கட்டாயமாகத் திருகாமல் சற்றே இறுக்கிப் பிறகு தளர்த்துங்கள். பழைய கேஸ்கெட்டை மறுபடி போட வேண்டாம். அது ஒரு முறை நசுங்கினால் மீண்டும் பொருந்தாது. எல்லா இணைப்புகளையும் கையால் தளர்வாக மாட்டி, குழாய் எங்கும் இழுபடாமல் இயல்பாக அமர்ந்த பின், ஹெட்டிலிருந்து பின்னோக்கி, கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். பின்சக்கர சஸ்பென்ஷன் முழுதும் அமுங்கும்போது குழாயில் எதுவும் இடிக்காமலும், பிரேக் குழாயும் ஒயரும் அருகில் வராமலும் இருக்க வேண்டும்.

ஆக்சிஜன் சென்சாரை மாற்றும்போது, இறுகிப்போவதைத் தடுக்கும் பசையை மரையில் மட்டும் தடவுங்கள். முனையில் பட்டால் சென்சார் கெடும். முதல் முறை இன்ஜினை ஓட்டும் முன் குழாயை ஆல்கஹாலால் துடையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கைரேகையின் எண்ணெய் வெப்பத்தில் வெந்து, எத்தனை தேய்த்தாலும் போகாத கறையாகிவிடும்; ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் டைட்டானியத்திலும் இது பளிச்சென்று தெரியும். சில வெப்பச் சுற்றுகளுக்குப் பின், இன்ஜின் ஆறியதும், எல்லா நட்டுகளையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

பெண்ட் பைப்பின் மேல் வெப்பத்துணி சுற்றலாமா?

வெப்பத்தைக் குழாய்க்குள்ளேயே வைத்திருந்து வாயுவின் வேகத்தைக் காக்கும் என்பது உண்மையே. காலுக்கும் சூடு குறையும். ஆனால் துணி ஈரத்தைப் பிடித்துவைப்பதால் சாதாரண இரும்புக் குழாய் அதன் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் துருப்பிடித்து ஓட்டையாகும். ஸ்டெயின்லெஸ் குழாயாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

கழற்றிய பழைய பாகங்களை விற்றுவிடலாமா?

வைத்துக்கொள்ளுங்கள். புகைச் சோதனைக்கும் வாரண்டிக் கோரிக்கைக்கும் அவை தேவைப்படலாம். வண்டியை விற்கும்போது, கைபடாத வண்டியைத் தேடுபவரே அதிகம். எக்ஸாஸ்டை எண்ணெய் தடவிய துணியால் துடைத்து, இரு வாய்களையும் பூச்சி கூடு கட்டாதபடி அடைத்து, உலர்ந்த இடத்தில் வையுங்கள். பழைய ஜெட்டுகளை அவற்றின் எண்ணோடும், ஊசிக் கிளிப்பின் நிலையோடும், கலவைத் திருகாணியின் சுற்றுக் கணக்கோடும் ஒரு சிறு பையில் போட்டு எழுதி வைத்தால், தேவைப்படும் நாளில் ஒரு மணி நேரத்தில் வண்டியைத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். மாற்றி எழுதிய இசியுவாக இருந்தால், முதன்முதலில் இருந்த கோப்பின் நகலை ட்யூனரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.